புரவலர் பெயரும் கடலின் ஆழமும்

பொருள் தந்தவரைப் புகழ்ந்த கை உண்மையையும் எழுதுமா? இவ்வினா புலவர்க்கு மட்டும் உரியதன்று. கடலை அளந்து படம் வரைந்தோரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவரே.

இங்கிலாந்தின் மாலுமிகள் ஒருகாலத்தில் தம் நாட்டுக் கரைகளுக்கே டச்சுக்காரர் வரைந்த படங்களைப் பெரிதும் நம்பியிருந்தனர். 1681இல் இரண்டாம் சார்லஸ் மன்னர், கிரீன்வில் காலின்ஸ் என்னும் கடற்படைத் தலைவரிடம் அக்கரைகளை அளக்கும் பணியை ஒப்படைத்தார். 'மெர்லின்' என்னும் சிறு கலத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் அலைந்தார் அவர். கரையிலே அளவுச் சங்கிலி. கலத்திலே திசைகாட்டியும் ஈயக்குண்டு கட்டிய கயிறும். ஆனால் அரச ஆணை ஒன்றே அச்சுக்கூலி ஆகிவிடாதன்றோ! படங்களைச் செப்புத் தகடுகளில் செதுக்கப் பெரும்பொருள் வேண்டும். அப்படத்தை நம்பிக் கலம் செலுத்தும் மாலுமியிடம் அச்செலவை ஏற்கும் வசதியில்லை. ஏற்க வல்ல பெருமகனோ கலம் செலுத்தப் போவதில்லை. விளம்பரம் வேண்டிக் கடைகடையாக ஏறி இறங்கி மலர் அச்சிடும் நம் போன்றோர்க்கு இந்நிலை விளங்காததன்று.

1685இல் சார்லஸ் மறைந்தார். அடுத்து வந்த இரண்டாம் ஜேம்ஸ் 1688இல் நாட்டைவிட்டே ஓடினார். 1693இல் நூல் வெளிவந்தபோது அது மூன்றாம் வில்லியம் மன்னர்க்குக் காணிக்கையாயிற்று. தனிப்படங்கள் பலவும் பெருமக்கள் பெயரால் அமைந்தன.

இதனை முகத்துதி என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. இத்தகைய படங்களில் புகழுரையும் குலச்சின்னமும் பெரும்பாலும் நிலப்பகுதியிலே, கலம் செல்லாத வெற்றிடத்திலே அமையும். கடற்பகுதியில் நிற்பவை ஆழத்தைக் குறிக்கும் எண்களும் மணல்திட்டுகளும் பாறைகளுமே. பிரபுவின் பெருமையை ஒன்றுக்குப் பத்தாகச் சொன்னாலும் எக்கலமும் உடையாது. ஆழத்தை ஓரெண் கூட்டிச் சொன்னால் உயிர்கள் போகும். காலின்ஸின் படங்களிலும் பிழைகள் உண்டு. முக்கோண அளவை முறையைக் கைக்கொள்ளாது வரைந்தவை அவை. அது முறையின் குறையே. காணிக்கையின் குறையென்று நாம் கருதவில்லை.

ஹாரிச் துறைமுகப் படம் சாமுவேல் பீப்ஸ் பெயரால் அமைந்தது. கடற்படைச் செயலாளராய்ச் செல்வாக்குடன் விளங்கிய அவர் 1689இல் பதவி துறந்தார். எனினும் 1693ஆம் ஆண்டு நூலில் அவர் பெயர் நீக்கப்படவில்லை. அது நன்றியாகவும் இருக்கலாம். தகட்டைச் சுரண்டி மீண்டும் செதுக்கும் செலவுக்கு அஞ்சியதாகவும் இருக்கலாம். மறு ஆண்டே காலின்ஸ் மறைந்தார். அவர் நூலோ 1792 வரை மீண்டும் மீண்டும் அச்சேறியது.