குறையாத பொருளும் கொடாத பொருளும்

திரைப்படம் ஒன்றை அதன் உரிமையாளரின் இசைவின்றி இணையத்தில் படியெடுத்துப் பரப்புவது களவா என்ற கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும், மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், மூன்று இலட்சம் ரூபாயில் தொடங்கிப் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து விழுக்காடு வரை எட்டக்கூடிய தண்டமும் விதிக்கும் 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அறவியலிலோ அக்கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. களவு என்றதும் மனத்தில் எழும் காட்சி, ஒருவரிடம் இருந்த பொருள் அவரை விட்டு நீங்கி இன்னொருவர் கைக்குப் போவது. கோப்பைப் படியெடுக்கும்போதோ மூலம் இருந்த இடத்திலேயே இருக்க, அதைப் போன்ற மற்றொன்று புதிதாகப் பிறக்கிறது. ஒன்றும் குறையாத இடத்தில் களவு எங்கே நிகழ்ந்தது?

இக்கேள்வியை அதன் கடைசி எல்லை வரை இழுத்துச் சென்றவர்கள் சுவீடன் நாட்டவர். 'பைரேட் பே' என்ற கோப்புப் பகிர்வுத் தளம் 2003இல் தோன்றியது அங்கேதான். 2006இல் தொடங்கப்பட்ட 'பைரேட் கட்சி' 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அந்நாட்டில் ஏழு விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றதும், அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் அத்தளத்தோடு தொடர்புடைய நால்வருக்கு ஓராண்டுச் சிறையும் 3 கோடி குரோனர் இழப்பீடும் விதித்ததும் அங்கேதான். இவற்றுக்குப் பின் இசாக் கெர்சன் என்ற தத்துவ மாணவர் முன்னின்று அமைத்த 'கோப்பிமிசம்' என்ற சபையை, இருமுறை மறுத்த பிறகு, சுவீடன் அரசு ஒரு சமயக் குழுவாகப் பதிவு செய்துகொண்டது. அச்செய்தி 2012 ஜனவரியில் உலகெங்கும் பரவியது. 'என்னைப் படியெடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரிலிருந்து பிறந்த பெயர் அது. தகவல் புனிதமானது, அதைப் படியெடுப்பது வழிபாடு, படியெடுக்கும்தோறும் அதன் மதிப்புப் பெருகும் என்பன அதன் கொள்கைகள்; கணினியில் நகலெடுக்கவும் ஒட்டவும் பயன்படும் இரு விசைச் சேர்க்கைகளே அதன் திருச்சின்னங்கள். பதிவு பெற்றதால் சட்டத்துக்கு மாறான படியெடுப்பு சட்டப்படியானது ஆகிவிடவில்லை என்பதை அச்சபையும் அறிந்தே இருந்தது.

இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் படியெடுத்தலைப் புண்ணியமாகக் கருதிய மரபு மிகப் பழையது. காலம் குறிக்கப்பட்ட அச்சு நூல்களில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையதான சீன 'வச்சிர சூத்திரம்', 868ஆம் ஆண்டில் ஒருவர் தம் பெற்றோரின் பொருட்டு எல்லோருக்கும் இலவசமாக வழங்குவதற்கென்று அச்சிடுவித்தது. பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்ற சமணப் பெருமாட்டி, பொன்னனின் 'சாந்தி புராணம்' அழிந்துவிடக் கூடாதென்று ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாக மரபு சொல்கிறது. நூல்களைப் படியெடுத்து அளிக்கும் இச்செயலுக்குச் சமணர் சாத்திர தானம் என்று பெயரிட்டனர். ஓலையை ஆண்டுதோறும் செல்லரிக்கும் நாட்டில் படியெடுக்கப்படாத நூல் செத்த நூல். உ.வே. சாமிநாதையர் கைக்குச் சங்க நூல்கள் வந்து சேர்ந்ததற்கு, பெயர் தெரியாத எத்தனையோ ஏடெழுதுவோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலையே காரணம்.

ஆயினும் கோப்பிமிசத்தார் இம்மரபைத் தம் முன்னோராகக் காட்டிக்கொள்ள முடியாது. தானம் என்பது தன்னுடையதைக் கொடுத்தல். அத்திமப்பே செலவழித்தது தம் செல்வத்தை. அவர் பரப்பியது, பரவ வேண்டும் என்றே இயற்றப்பட்ட நூலை. பிறர் பணமும் உழைப்பும் கொட்டிய படத்தை வெளியான அன்றே பதிவேற்றி, வந்து பார்ப்போரின் கண்களை விளம்பரக்காரருக்கு விற்றுக் காசு பார்க்கும் தளம் கொடுப்பது தன்னுடையதையும் அன்று, சும்மாவும் அன்று.

களவின் இலக்கணத்துக்குத் திரும்பினால், இந்தியச் சமயங்கள் அதை இழப்பிலிருந்து தொடங்கவில்லை என்பது தெரியவரும். பௌத்த ஐந்து சீலங்களில் இரண்டாவது விலக்குவது 'அதின்னாதானம்', அதாவது கொடுக்கப்படாததை எடுத்தல். சமணரின் தத்துவார்த்த சூத்திரமும் கொடுக்கப்படாததைக் கொள்ளுதலே களவு என்று அதே வழியில் வரையறுக்கிறது. உடையவனிடம் என்ன குறைந்தது என்பது இங்கே முதல் கேள்வி அன்று. அவன் கொடுத்தானா என்பதே முதல் கேள்வி. பௌத்த உரையாசிரியர்கள் களவு முற்றுப்பெறுவதற்குச் சொல்லும் ஐந்து உறுப்புகளில் பொருளை இடம் பெயர்த்தலும் ஒன்று என்பதால், நகலெடுப்போருக்கு அங்கே சிறிது வாதாட இடமுண்டு. சமண வரையறையில் அந்த இடமும் இல்லை.

திரைத்துறையோ இந்தத் தெளிவைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. கார் திருடுவாயா என்று பார்வையாளரை அதட்டிய, 2004ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளம்பரப் படம் தொடங்கி, அத்துறை எப்போதும் இழப்புக் கணக்கையே முன்வைத்தது. கார் போனால் வீட்டு வாசல் வெறுமையாகும், கோப்பு போனால் ஒன்றும் வெறுமையாகாது என்று எதிர்த்தரப்பு சிரித்தது. இருவரும் ஒரே தவறான தராசில் நிறுத்துக்கொண்டிருந்தனர்.

சமண வரையறையை அப்படியே ஏற்றால் ஒரு சிக்கல் எழும். துறவி தெருவில் நடக்கிறார், அத்தெருவை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அதுவும் களவா? தத்துவார்த்த சூத்திரத்துக்குப் பூச்சியபாதர் இயற்றிய 'சர்வார்த்த சித்தி' என்ற உரை இதற்கு விடை கூறுகிறது: தெரு எல்லோருக்கும் திறந்தது, ஆகவே அதில் செல்வது களவன்று; அடைத்த கதவுக்குள் அத்துறவி நுழைவதில்லை. இணையத்தைப் பற்றிய வழக்குகள் எல்லாம் இந்தத் தெருவுக்கும் கதவுக்கும் இடையிலேயே நடக்கின்றன. 2012இல் '3' என்ற தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்ட, பெயரறியாதோர் மீதான தடையாணையை (இத்தகைய ஆணைகளில் முகமற்ற எதிரிக்கு 'அசோக் குமார்' என்று பெயரிடுவது இந்திய நீதிமன்ற வழக்கம்) காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் 'விமியோ' போன்ற முழுத் தளங்களையே முடக்கின; குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஒரு வீட்டில் புகுந்த திருடனுக்காகத் தெருவையே அடைத்த கதை அது.

தமிழ்நாட்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. ஆனால் 'திருட்டு வி.சி.டி.' என்று பெயரைச் சொல்லியே, கூச்சம் ஏதுமின்றிக் கடையில் கேட்டு வாங்கிய சமூகத்தில் அச்சத்தால் மட்டும் அறம் தழைக்கவில்லை. திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் கள்ளாமை அதிகாரத்தின் முன்னுரையில், இல்வாழ்வார் தம் உறவினரோடு விளையாட்டாக வஞ்சித்துக் கொள்ளும் பொருள் குற்றமாகாது என்று ஒரு விலக்கைத் தருகிறார். திரைப்படத்தை உறவுக்காரன் வீட்டு மாங்காயாக நினைப்பதே பார்வையாளரின் மனநிலை; அபிமான நடிகரைத் தலைவர் என்றும் அண்ணன் என்றும் அழைப்பவர், அவர் படத்தைக் கைப்பேசியில் சும்மா பார்ப்பதை உரிமை மீறலாக உணர்வதில்லை. இவ்வுறவு ஒருதலையானது என்பதால் அவ்விலக்கு இங்கே செல்லாது.

திரைத்துறை உண்மையில் போட்டியிட்டது தண்டத்தால் அன்று, கொடுக்கும் முறையை மாற்றியதால். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டக் கமல்ஹாசன் முனைந்தபோது திரையரங்கு உரிமையாளர்கள் எதிர்த்தனர்; 2015இல் இயக்குநர் சேரன் குறுவட்டை நேரே வீடுகளுக்கு விற்க முயன்றார்; 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' திரையரங்கைத் தொடாமலே ஓடிடி எனப்படும் இணையத் திரைத்தளத்தில் வெளியானது. இன்று பல தமிழ்ப் படங்கள் நான்கு வாரத்தில் அத்தளங்களுக்கு வந்துவிடுகின்றன. வணிக உத்தியாகவே பேசப்படும் இம்மாற்றத்தின் அறப்பொருள், கொடுக்கப்படாதவற்றின் பரப்பு சுருங்கியது என்பதே. திரையரங்கே இல்லாத ஊரிலோ தமிழ்ப்படம் வந்து சேராத வெளிநாட்டிலோ இருந்த ஒருவரின் முறையீட்டில் முன்பு நியாயம் கொஞ்சம் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் நான்கு வாரப் பொறுமையின்மையாகச் சுருங்கிவிட்டது.

தத்துவார்த்த சூத்திரம் இல்லறத்தாரின் கள்ளாமை நோன்புக்கு நேரும் வழுக்களாக ஐந்தை எண்ணுகிறது: திருடத் தூண்டுதல், திருடி வந்ததை ஏற்றல், அரச விதியை மீறல், பொய் அளவை, போலிச் சரக்கு. மூன்றாவதைத் திரைத்துறையினரும் படிக்கலாம். முதல் நாள் காட்சிக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வாங்கும் அரங்கு, திருட்டைப் பற்றிப் பேசும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்வது நல்லது. அரங்கில் ஒளிந்து படம் பிடிப்பவனுக்கும் தளம் நடத்துபவனுக்கும் அப்பட்டியலில் உரிய இடங்கள் உண்டு. எதையும் திருடவில்லை, வந்ததைப் பார்த்தேன் என்று சொல்பவருக்கு உரியது இரண்டாவது.