மாயாதேவியாரின் ஏழாம் நாள்



போதிசத்துவரைக் கருவில் தாங்கிய மாயாதேவியார், பேறுகாலம் நெருங்கியதும் கபிலவாஸ்துவினின்று தம் தாய்வீடாகிய தேவதகம் நோக்கிப் புறப்பட்டார். இடைவழியில் லும்பினிச் சோலையிலே நோவு கண்டது. குழந்தை பிறந்த ஏழாம் நாள் அன்னையார் மறைந்தார். தங்கையாகிய மகாபிரஜாபதி கோதமியார் பாலூட்டி வளர்த்தார். போதிசத்துவரின் தாயார் அவ்வாறு மறைவதே நியதி என்பர் உரைகாரர். யாம் அவரோடு வழக்காட வந்தோமில்லை. ஆயினும் குருதிப்போக்கிற்கும் பிரசவ ஜுரத்திற்கும் அஞ்சத்தக்கது அம்முதல் வாரமே என்பதை மருத்துவச்சியர் எவரும் அறிவர்.

குளத்தூர், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தார்க்கு இவ்வழிப்பயணம் புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அக்கோடு அரசுகளைப் பிரித்ததேயன்றிக் கொள்வினை கொடுப்பினையைப் பிரிக்கவில்லை. கொல்லங்கோட்டுப் பெண் குளத்தூரில் வாழ்க்கைப்படுகிறாள். தலைப்பிள்ளைப் பேற்றிற்குத் தாய்வீடு செல்கிறாள். மாதந்தோறும் பார்த்த செவிலியின் பதிவேடு ஒரு மாநிலத்தில், நோவு மற்றொரு மாநிலத்தில்! தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாயும் அவ்வரசின் பதிவில் உள்ளார்க்கே உரியது. எட்டாம் மாதத்தில் வந்து நிற்பவள் என்செய்வாள்?

2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, லட்சம் பேற்றுக்குக் கேரளத்தில் 19 தாய்மாரும், தமிழ்நாட்டில் 54 தாய்மாரும், இந்தியா முழுமைக்கும் 97 தாய்மாரும் இறந்தனர். இவ்வெண்கள் தாமே குறைந்தன அல்ல. இதே தாலுகாவின் வெங்ஙானூரில் பிறந்த ஐயன்காளி 1893இல் வில்லுவண்டி ஏறிப் பொதுவழியிற் சென்றார். வழிநடக்கும் உரிமையும் மறுக்கப்பட்ட குடியில், நோவுற்றவளை எவ்வழியே எடுத்துச் செல்வது? திருவனந்தபுரத்தில் மேரி பூனன் லூக்கோஸ் அம்மையார் நாட்டு மருத்துவச்சியரின் மக்களுக்கே பேறுகாலப் பயிற்சி தந்தார். 1938இல் திருவிதாங்கூரின் தலைமை மருத்துவ அதிகாரியானார். பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைப் பெண்டிர்க்குப் பேறுகால உதவி வேண்டி வாதாடினார். 2017இல் ஊதியத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. பொழியூர்க் கரையில் மீன்கூடை சுமப்பவளுக்கு அது எட்டவில்லை.

அரசு மருத்துவமனைகளில் பேறும், அறுவையும், மருந்தும், இரத்தமும், உணவும், போக்குவரவும் இலவசம் என 2011இல் மத்திய அரசு அறிவித்தது. நன்று. ஆனால் இரவு ஆட்டோவின் வாடகையையும், வெளியே எடுக்கும் ஸ்கேனையும், உடனிருக்கும் தாயின் நாட்கூலியையும் யார் தருவது? கடன்காரனே தருகிறான், வட்டிக்கு.

அங்குலிமாலர் சாவத்தியில் பிச்சைக்குச் சென்றபோது, நோவால் துடித்த பெண்ணொருத்தியைக் கண்டு ததாகதரிடம் உரைத்தார். ததாகதர் அவரை மீண்டும் அவளிடமே அனுப்பினார். அவர் கூறிய சத்திய மொழியே இன்றும் கருவுற்றார்க்கு ஓதப்படும் பரித்தம். நாமும் ஓதுகிறோம், ஆளையே அனுப்பினார் என்பதைத்தான் கவனிப்பதில்லை.

ஆகவே அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் பரித்தம் ஓதிய பின், எட்டாம் மாதம் கடந்தவர் எவரெவர், எந்த மருத்துவமனை, இரவில் யார் வண்டி, உடனிருப்பவர் கூலிக்கு உண்டியலில் எவ்வளவு என்பவற்றை எழுதி வைப்போம். எல்லை கடந்து தாய்வீடு செல்பவள் கையில் பரிசோதனைக் குறிப்பேட்டின் படியொன்றும், இருபுறத்துச் செவிலியர் தொலைபேசி எண்களும் இருத்தல் வேண்டும். 108ஐ அழைத்தால் இருபுறமும் ஊர்தி வரும். வண்டி புகாத ஒழுங்கைகளில் அவளை எடுத்துவர நால்வர் வேண்டும், அவர் பெயர்களையும் அன்றே குறித்துக்கொள்வோம்.