தின்ன மறுத்த மீன்

சோறு போடுவது புண்ணியம் என்பதில் எனக்கு நெடுநாள் சந்தேகமே இருந்ததில்லை. போன வருஷம் ஒரு மீன் வந்து அந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் இருந்த நண்பருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் ஆயிற்று. போகும்போது தம்முடைய கடல்நீர் மீன் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. கடல்நீர்த் தொட்டி வேறு ரகம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைக்க வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும். உப்புத் தண்ணீரை விடக்கூடாது. உப்பு ஆவியாகிப் போவதில்லை அல்லவா? இந்தச் சின்னக் கணக்கில் நான் இரண்டு முறை தவறினேன். அது கிடக்கட்டும்.

தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்கள் இருந்தன. ஆரஞ்சு நிறமும் வெள்ளைப் பட்டையுமாக, என்ன போட்டாலும் தின்னும் நல்ல பிள்ளைகள். எனக்குத் திருப்தி வரவில்லை. ஒரு தொடர்கதைக்குப் பணம் வந்த அன்று கொளத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு கடையில்தான் அதைப் பார்த்தேன். வெள்ளி உடம்பில் செம்பு நிறப் பட்டைகள். இடுக்கி போல நீண்ட வாய். முதுகுத் துடுப்பின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பொய்க் கண். பகைவனுக்கு வால் எது, தலை எது என்று மயக்கம் உண்டாக்க அந்தக் கண். வண்ணத்துப்பூச்சி மீன் என்று ஒரு பெருங்குடும்பம் உண்டு; இது அதைச் சேர்ந்தது. அந்தமான் கடல் தொடங்கிக் கிழக்கே ஆஸ்திரேலியா வரை பவளப் பாறைகளின் ஓரத்தில் வாழ்வது.

கடைக்காரர் நேர்மையான மனிதர். "சார், ரெண்டு நாள் கழிச்சு வாங்க. தீனி எடுக்குதான்னு பாத்துட்டு அப்புறம் எடுத்துட்டுப் போங்க" என்றார். அதற்குள் வேறு யாராவது கொண்டு போய்விடுவார்களே என்ற பயம் எனக்கு. ஆசை வந்த பிறகு புத்திமதி யார் காதில் ஏறும்?

வீட்டுக்கு வந்த மீன் தின்னவில்லை.

முதல் நாள் விளக்கை அணைத்து விட்டுவிட்டேன். புது இடம், பயம் தெளியட்டும் என்று. இரண்டாம் நாள் உருண்டைத் தீனி போட்டேன். ஒன்றை வாயில் வாங்கிப் பார்த்து, துப்பிவிட்டு நகர்ந்தது. பனிக்கட்டியில் உறைந்த குட்டி இறால்களைக் கரைத்துவிட்டேன். அவை அதன் மூக்குக்கு முன்னால் மிதந்து போயின, பார்த்துக்கொண்டே இருந்தது. கோமாளிகள் இரண்டும் அத்தனையையும் கபளீகரம் செய்தன. அவற்றைத் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஒதுக்கினேன். ஆர்டீமியா என்று உப்பளங்களில் வளரும் மிகச் சிறிய உயிர் ஒன்று உண்டு. அதன் முட்டை காய்ந்த தூளாக டப்பாவில் விற்கிறது. உப்புத் தண்ணீரில் கொட்டிக் காற்றுக் குழாயை விட்டால் ஒரு நாளில் பொரித்துவிடும். அதையும் செய்தேன். குங்குமப்பூக் கரைத்த மாதிரி ஒரு மேகம் தொட்டிக்குள் பரவிற்று. மீன் நாலைந்து தடவை கொத்தியது, பிறகு நிறுத்திவிட்டது. ஆறாம் நாள் தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றத் தொடங்கியது. வயிறு உள்ளே குழிந்தது.

அப்போது என் கதைப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கணைக்கால் இரும்பொறை ஞாபகத்துக்கு வந்தான். சோழனிடம் தோற்றுக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரன், தண்ணீர் கேட்டான், காவலாளி காலம் கடத்திக் கொண்டுவந்தான், வந்த தண்ணீரைக் குடிக்கவில்லை. புறநானூற்றில் 74-ஆம் பாட்டு அவனுடையதுதான். 'இந்த மீனும் அந்த வம்சம்' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடைத்து வைத்தவன் கையால் உண்ண மாட்டேன் என்கிற மானம்! இரண்டு நாள் இந்த நினைப்பு எனக்கு மிகவும் ருசித்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பட்டினி கிடக்கிற ஜீவனுக்கு ஒரு காவியத்தைப் போர்த்திவிட்டால், போர்த்தியவனுக்குக் குற்ற உணர்ச்சி பாதி குறைந்து போகிறது.

உண்மை அத்தனை கம்பீரமானதல்ல. அந்த மீனுக்கு உருண்டைத் தீனி உணவு என்றே தெரியாது. பாறை இடுக்குகளில் வாயை நுழைத்துப் புழுவையும் நுண்ணிய உயிர்களையும் நாள் முழுவதும் பொறுக்கித் தின்னப் படைக்கப்பட்ட வாய் அது. மேலிருந்து மழை மாதிரி விழுவதை அதன் முன்னோர்களில் எவரும் தின்றதில்லை. அது என்னை எதிர்த்து விரதம் இருக்கவில்லை. நான் ஒருவன் இருப்பதே அதற்குப் பொருட்டில்லை. மறுப்பதற்குக் கூட, எதை மறுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இந்த இடத்தில்தான் கேள்வி என்னை நோக்கித் திரும்பியது. நண்பருக்குப் போன் செய்து புலம்பினேன். "கடலில் இருந்தால் மட்டும் நூறு வயசு இருக்குமா? பெரிய மீன் ஒன்று இதற்குள் விழுங்கியிருக்கும். இங்கே கொலைகாரன் இல்லை, வேளைக்குச் சாப்பாடு" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய மீன் விழுங்குவது ஒருவருடைய பொழுதுபோக்குக்காக அல்ல. தவிர, விழுங்கும் மீன் தன்னைப் புரவலன் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. உண்டவன் நினைக்க வேண்டியதைச் சொல்கிறது. இட்டவன் நினைக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று நான் யோசித்ததில்லை.

சரி, கடலிலேயே கொண்டு விட்டுவிடலாமா? மெரினா பத்து நிமிஷம். ஆனால் அந்தக் கடல் இதன் கடல் அல்ல. கடைத் தொட்டியில் ஒட்டிய நோயையும் சேர்த்து அங்கே விட்டவன் ஆவேன். (அந்தக் கடற்கரையில்தான் இந்தியாவின் முதல் மீன் காட்சிசாலை 1909-இல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது. எதிரே கடலை வைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் மீன் பார்த்தது நான் மட்டுமல்ல என்பதில் ஓர் அற்ப ஆறுதல்.) வாங்கியது தவறு என்று தெரிந்த பிறகும் கைகழுவ முடியாது. தவறு செய்தவன்தான் ஊட்டவும் வேண்டியிருக்கிறது. ஊட்டுவதால் தவறு தீர்ந்துவிடுவதுமில்லை. மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அப்படிப் பிறந்தது எதையும் மறுப்பதில்லை. அதனிடமிருந்து பறிக்கக் கடல் இல்லை. மீன்தான் வேண்டும் என்றால் நான் அதோடு நின்றிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் காசிமேட்டிலிருந்து உயிர் மட்டி வாங்கி வந்தேன். ஒன்றைப் பிளந்து, ஓடோடு பாறை இடுக்கில் செருகி வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன். கால் மணி நேரம் கழித்து மீன் வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது. மறு பக்கம் திரும்பி இன்னொரு கண்ணால் பார்த்தது. பிறகு அந்த நீண்ட வாயை ஓட்டுக்குள் விட்டு ஒரு கொத்து. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் எல்லாம் தந்திரம்தான். மட்டிச் சதைக்கு நடுவே உறைந்த இறாலைத் திணித்தேன். சில நாளில் வெறும் ஓட்டில் இறாலை மட்டும் வைத்தேன். பிறகு ஓடும் போயிற்று. இரண்டு மாதத்தில் மேலிருந்து விழும் உருண்டைத் தீனியைத் துரத்தித் துரத்தித் தின்றது. என்னைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடி வந்தது.

அப்படி அது முதல் முறை ஓடி வந்த அன்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அம்மாவின் ஞாபகம் வந்தது.

அப்பா 2015-இல் காலமானார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் சென்னைக்கு அழைத்து வந்தேன். வந்த புதிதில் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "பசிக்கலைய்யா" என்பாள். என் மனைவி இதம் பதமாகச் சொல்லிப் பார்த்தாள், நான் கோபித்துக்கொண்டேன், டாக்டர் சத்து மாவு எழுதிக் கொடுத்தார். மார்கழியில் ஒரு நாள் திருநெல்வேலிச் சாமான் விற்கும் கடையில் சிறுகிழங்கு கிடைத்தது. வாங்கி வந்து அம்மா முன்னால் வைத்தேன். சாக்கில் போட்டுத் தேய்த்து, தோல் போக்கி, தானே பொரியல் செய்து அன்று ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு போட்டதைச் சாப்பிட்டாள், குறை சொன்னதில்லை. ஊருக்குப் போக வேண்டும் என்று அதுவரை தினம் ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தவள், சொல்வதையும் நிறுத்திவிட்டாள். அம்மா தேறிவிட்டாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். தை பிறந்ததும் ஊர் வீட்டை விலை பேசினேன். கையெழுத்துக்கு அழைத்துப் போனபோது அவள் ஒன்றும் கேட்கவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் சம்மதித்தாளா, பழகிப்போனாளா? இந்தக் கேள்வியை நான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதல்ல பயம். என் மனம் நோகாதபடி ஒரு பதில் சொல்லிவிடுவாளே என்பதுதான்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அம்மா தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். பார்வை முன்போல் இல்லை. நேற்று நான் தீனி போடும்போது கேட்டாள்:

"ஏய்யா, இப்ப அது திங்குதா?"

"நல்லாத் திங்குதும்மா."

"திங்காம என்ன செய்யும்?" என்றாள். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லைட்டை அணைச்சிரு. அது உறங்கட்டும்" என்று எழுந்து உள்ளே போனாள்.