கற்கும் கையும் பிறர் முகமும்

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அது அப்படியன்று, ‘ஆயிரம் வேரைக் கண்டவன் அரை வைத்தியன்’ என்பதே சரி என்பார் பெரியோர். எது சரியானாலும் ஆகட்டும். திரிந்த சொல்லை மக்கள் இவ்வளவு எளிதில் ஏற்றுக்கொண்டது ஏன்? கற்கிறவன் கையில் அகப்பட்டு அல்லலுற்றவர்கள் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்ததால்தான்!

நண்பர்களே! ஊரிலிருந்து புதிதாக வந்த பையனை எந்த முதலாளியும் முதல் நாளே கல்லாவில் உட்கார வைத்ததில்லை. அவன் கடையைக் கூட்டினான், மூட்டை சுமந்தான், பிறகுதான் தராசையும் கெஜக்கோலையும் தொட்டான். அளவு தப்பித் துணியைக் கிழித்துவிட்டால் நட்டம் முதலாளிக்கு. அவர் கடிந்துகொண்டார், ஆனால் அதைத் தொழில் கற்பிக்கும் செலவென்று ஏற்றுக்கொண்டார்.

வைத்தியத் தொழிலில் அப்படியா? கற்கும் வைத்தியர் தவறினால் நட்டம் அவருக்குமில்லை, ஆசிரியருக்குமில்லை. நோயாளியின் உடலன்றோ அதை ஏற்கிறது! அதிலும் பிளாஸ்டிக் சர்ஜரி என்னும் துறையில், அந்த நட்டத்தை அவர் முகத்திலேயே ஆயுள் முழுவதும் சுமந்து திரிய வேண்டும்.

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் நம் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சாமான்களை நினைக்க வேண்டாம். வனைதல், உருவாக்குதல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தீயில் வெந்த முகம், பிளந்த உதடு, துண்டான விரல், புற்றுநோய் தின்ற தாடை ஆகியவற்றைத் தோலும் தசையும் எலும்பும் எடுத்துச் சீர்செய்யும் கலை அது.

இக்கலையை எப்படிக் கற்கிறார்கள்? அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1889-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், ஹால்ஸ்டெட் என்னும் சர்ஜன் ஒரு முறையை நிலைநாட்டினார். பயிலும் டாக்டர்கள் மருத்துவமனையிலேயே தங்கியிருந்து, படிப்படியாகப் பொறுப்பு ஏற்றார்கள். அங்கேயே வசித்ததால் ‘ரெசிடென்ட்’ என்ற பெயர் நிலைத்தது. இன்று அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர், இத்துறையில் நேரே சேர்ந்தால் ஆறாண்டுகள் பயில வேண்டும். மயிரிழையினும் மெல்லிய நூலால் இரத்தக் குழாய்களை இணைக்கும் வேலைக்கு, முதலில் கோழித் தொடையிலுள்ள நுண்குழாய்களில் கைப்பழக்கம் செய்கிறார்கள். ஆசிரியர் அருகில் நின்று பார்த்து, தேறியவருக்கே அடுத்த படியைக் கொடுக்கிறார்.

இவ்வளவு காவல் இருந்தும், கோழித் தொடையை விட்டு மனித உடலைத் தொடும் முதல் நாள் என்று ஒரு நாள் வந்தே தீரும். அந்த உடல் யாருடையது? ‘என் பிள்ளைக்குப் பெரிய டாக்டரே செய்யட்டும்’ என்று நாம் சொல்வோம். எல்லாரும் அப்படியே சொன்னால் நாளைய பெரிய டாக்டர் எங்கிருந்து வருவார்? இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, பிரிட்டன் முழுவதிலும் இத்துறையில் முழுத் தேர்ச்சி பெற்றவர்கள் நால்வரே!

அந்நால்வரில் மூத்தவர் ஹெரால்டு கில்லிஸ். நியூஸிலாந்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த போர்வீரர்கள் வந்து குவிந்தபோது, அவருக்குக் கற்பிக்கும் பள்ளி எதுவும் இருக்கவில்லை. செய்து செய்தே கற்றார். லம்லி என்னும் விமானி 1916-ல் விபத்தில் முகம் வெந்தவர். 1918-ல் கில்லிஸ் அவர் மார்பிலிருந்து பெருந்தோலை எடுத்து, ஒரே தடவையில் முகம் முழுவதற்கும் ஒட்டினார். தளர்ந்திருந்த உடல் அதைத் தாங்கவில்லை. ஒட்டு அழுகியது, லம்லி இறந்தார். கில்லிஸ் இதை மறைத்தாரா? இல்லை. 1920-ல் வெளியிட்ட தம் நூலில், நிறைவான முகம் காணும் ஆவல் தம் நிதானத்தை மிஞ்சியதை ஒப்புக்கொண்டார். ஒரே மூச்சில் செய்யாமல், பல கட்டங்களாகச் செய்யவேண்டும் என்ற பாடம் அதிலிருந்து பிறந்தது. அப்பாடத்திற்கு விலை கொடுத்தவர் லம்லி.

அடுத்த போரில், கில்லிஸிடம் தொழில் கற்ற அவரது உறவினர் மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் ஊரில் வெந்த விமானிகளுக்குச் சிகிச்சை செய்தார். அவ்விமானிகள் 1941-ல் ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களே இட்ட பெயர் ‘கினி பிக் கிளப்’. சோதனைச் சாலைகளில் பயன்படும் சிறு பிராணியின் பெயர் அது! தம்மைக் கொண்டு கற்கிறார்கள் என்பதை அறிந்தே இட்ட பெயர். அதில் அவமானம் இல்லை, பெருமிதம் இருந்தது. ஏன்? அவர்களிடம் எதுவும் ஒளிக்கப்படவில்லை.

வணிகராகிய நமக்கு விளங்கும் உதாரணம் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் பயிற்சி மருத்துவமனைகள் பலவற்றில், அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சையைப் பயிலும் டாக்டர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்குச் செய்கிறார்கள். வருகிறவர் கற்கும் கை என்று தெரிந்தே வருகிறார்; அதற்காக விலையும் குறைகிறது. சரக்கின் தன்மையைச் சொல்லி விற்பது போன்றது இது. இதில் குறை காண முடியாது.

ஆனால் நள்ளிரவில் வெந்த முகத்தோடு வரும் ஏழைக்குத் தேர்ந்தெடுக்க நேரமுமில்லை, பணமுமில்லை. பணமுள்ளவர் மறுத்துவிடலாம், இவரால் முடியாது. இங்கேதான் நியாயம் தடுமாறுகிறது. ‘இவர் பயிலும் டாக்டர்; பெரியவர் அருகிலேயே இருப்பார்’ என்ற ஒரு வாக்கியத்தை அவரிடம் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் மறுத்துவிடுவார் என்ற அச்சம், சரக்கின் குறையை மறைக்கும் வியாபாரியின் அச்சமே அல்லவா?

எனவே, கற்பது குற்றமன்று. மறைத்துக் கற்பதே குற்றம். ஏழையின் உடலிலேயே எல்லாப் பயிற்சியும் நடப்பது அநீதி. நம்மிடமும் ஒரு நாள் அந்த வாக்கியம் சொல்லப்படலாம். பெரியவர் அருகிலிருக்கச் சம்மதிப்பதும் ஒரு தருமமே. ஏனெனில், இன்று நாம் நம்பிப் போகும் ஒவ்வொரு தேர்ந்த சர்ஜனின் கையிலும் முன்னே சென்ற நோயாளிகள் போட்ட முதல் இருக்கிறது. அவர்கள் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை. பெயர் தெரியாது என்பதால் கடன் தீர்ந்துவிடுமா? சிந்திப்போமாக!