சிறைமுகாம் ஓவியமும் வாரிசுக் கடமையும்

போர்க்கைதி ஒருவர் வரைந்த ஓவியம் அவருடைய குடும்பத்தின் சொத்தா, அதில் பதிவான துன்பத்தை உடன் அனுபவித்தோர் அனைவருக்கும் உரிய சாட்சியமா என்னும் வினா, ஐரோப்பியக் குடும்பங்களைப் போலவே காவிரிப் படுகையின் குடும்பங்களையும் தொடுகிறது. 1942-43 இல் ஜப்பானிய ராணுவம் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதையில் 12,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகள் மாண்டனர். ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் திரட்டப்பட்டு 'ரொமுஷா' எனப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் மாண்டோர் அதற்குப் பல மடங்கு. அத்தொழிலாளர்களுள் மலாயாவின் ரப்பர்த் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். தோட்டங்களுக்கு ஆள்பிடித்த கங்காணிகளின் வழியே தஞ்சை மாவட்டச் சிற்றூர்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிய குடும்பங்களும் அத்தோட்டங்களில் இருந்தன.

கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன, ஓவியங்களும் உள்ளன. கைதிகளுள் ஒருவரான ஜாக் சாக்கர், மருத்துவர்களுக்குப் பயன்படும் வகையில் எலும்பு தெரியுமளவு அரித்த கால்புண்களை வரைந்து, தாள்களை மூங்கில் குழாய்களில் ஒளித்தார். காவலர்கள் காலராவுக்கு அஞ்சியதால், மற்றொரு கைதியான ரொனால்ட் சேர்ல் காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் தம் சித்திரங்களை மறைத்துக் காத்தார். தமிழ்த் தொழிலாளர்களுக்கோ பெரும்பாலும் பெயரற்ற புதைகுழிகளே எஞ்சின. ஆகவே அதே பாதையையும் அதே நோயையும் காட்டும் அந்த ஓவியங்களே அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் மிக நெருங்கிய காட்சிச் சான்றாகின்றன.

உயிரைப் பணயம் வைத்து வரைந்தவரின் பிள்ளைகள் அத்தாளைத் தந்தையின் நினைவாகப் போற்றுவதும், நைந்த உடல்கள் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாதென அஞ்சுவதும் நியாயமே. எனினும் நிலத்துக்குப் பட்டா பெற்றிருப்பதாலேயே தலைமடைக்காரர், அதாவது வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உடையவர், கடைமடைக்குச் செல்லும் நீரை அடைத்துவிட முடியாது. அவ்வாறே தாள் குடும்பத்துக்கு உரியதாயினும், அது சுமக்கும் சாட்சியத்தைப் பூட்டிவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு படியைப் பொதுக் காப்பகத்துக்கு அளிப்பது இரு நியாயங்களையும் காக்கும். சேர்ல் தம் சித்திரங்களை லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கே வழங்கி அதற்கும் மேலே சென்றார்.

பெறுவோருக்கும் கடமை உண்டு. அப்பாதையில் தமிழரும் மாண்டனர் என்பதை விளக்கக் குறிப்பில் எழுதாத காட்சிக்கூடம் பாதி உண்மையையே காட்டுகிறது. திரும்பி வராதவர்களின் பெயரும் ஊரும் முதியோர் நினைவில் எஞ்சியிருக்கும்போதே அவற்றை எழுதி வைப்பது காவிரிப் படுகைக் குடும்பங்களின் பொறுப்பு; பெயர் தெரிந்தால்தான் அந்தச் சாட்சியம் யாருக்காகப் பேசுகிறது என்பது விளங்கும்.