பாதி ஸ்வெட்டர்

ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் வீட்டில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அவர்கள் ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்க மாட்டார்கள். நாலு பின்னிக்கொண்டிருப்பார்கள். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு பை. கட்டிலுக்கு அடியில் ஒன்று. ஹேண்ட்பேக்குக்குள் சின்னதாக ஒன்று. அப்புறம் பீரோவின் மேல்தட்டில், யாரும் பேச்செடுக்க விரும்பாத இன்னொன்று. நூலையும் தானே நூற்கிறவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ராட்டையில் பாதி சுற்றிய நூல், மூட்டையில் சிக்கெடுக்காத கம்பளி ரோமம் எல்லாம் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

"ஒண்ணை முடிச்சுட்டு அடுத்ததை எடுக்கக் கூடாதா?"

அந்த வீட்டில் யாராவது ஒருத்தர், பெரும்பாலும் கணவர், இதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கிறவரின் மேஜையில் பாதி படித்த மூன்று புத்தகங்கள் குப்புறக் கிடக்கும். அது வேறு விஷயம்.

கேள்வி நியாயமானதுதான். ஆரம்பித்ததை முடிக்காமல் அடுத்ததை ஆரம்பிப்பது வெறும் பழக்கமா, இல்லை குணத்தில் ஏதாவது கோளாறா? வள்ளுவரைக் கேட்டால் பதில் கடுமையாக வரும். 'வினைசெயல்வகை' அதிகாரத்தில், மிச்சம் வைத்த வேலையையும் மிச்சம் வைத்த பகையையும் ஒரே தட்டில் வைக்கிறார். இரண்டும் அணைக்காமல் விட்ட நெருப்பு மாதிரி, பிற்பாடு சுடும் என்கிறார். அவர் பயன்படுத்தும் சொல் 'எச்சம்'.

வெளிநாட்டுப் பின்னல்காரர்கள் இந்த எச்சத்துக்கு யு.எஃப்.ஓ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டு இல்லை. 'அன்ஃபினிஷ்ட் ஆப்ஜெக்ட்', முடிக்காத வஸ்து. ஒரு கால் சாக்ஸைப் பின்னி முடித்துவிட்டு மற்றொரு காலை ஆரம்பிக்கவே மனம் வராமல் இருப்பதற்கும் தனியாகப் பெயர் உண்டு: இரண்டாவது சாக்ஸ் வியாதி. ஒரு வியாதிக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றால், இது ஒரு தனி மனுஷியின் சோம்பேறித்தனமாக இருக்க முடியாது.

டெல்லி அரசாங்கக் குடியிருப்புகளில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் காட்சி தெரியும். டிசம்பர், ஜனவரி மத்தியானங்களில் வெயில் விழுகிற இடமெல்லாம் கயிற்றுக் கட்டில்கள், பெண்கள், ஊசிகள், கூடவே கொஞ்சம் வேர்க்கடலை. கும்பகோணத்திலிருந்து போன மாமி, பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவிடம் ஒரே குளிர்காலத்தில் கற்றுக்கொண்டுவிடுவார். நேர்ப்பின்னல் இந்தியில் 'சீதா'. எதிர்ப்பின்னல் 'உல்டா'. ஊசியில் ஏறும் கண்ணி 'ஃபந்தா'. எண்ணிக்கை மட்டும் கடைசி வரை தமிழில்தான்: "ரெண்டு சீதா, ரெண்டு உல்டா."

அப்படி ஒரு மாமியை எனக்கு ஆர்.கே. புரத்தில் தெரியும். அவரிடம் எப்போதும் மூன்று உருப்படி ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸுக்கு மஃப்ளர். அதில் டிசைன் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பின்னலாம். மத்தியான வெயிலுக்கு ஜடை டிசைன் போட்ட ஸ்வெட்டர். ராத்திரி டி.வி. முன்னால் குழந்தைக் குல்லா. ஏன் இப்படி என்று கேட்டபோது அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

"ஜடை போடறப்போ பக்கத்துல யாராவது மணி என்னன்னு கேட்டாக்கூட எண்ணிக்கை போயிடும். அதைப் போய் பஸ்ல பண்ண முடியுமா? மனசு எப்பவும் ஒரே மாதிரியா இருக்கு? கைக்கு மட்டும் ஒரே வேலையைக் குடுத்தா எப்படி?"

'ஒரு நேரத்தில் ஒரு வேலை' என்று மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். மாமி அதை மீறவேயில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு நேரத்தில் அவர் கையில் ஒரு ஜோடி ஊசிதான் இருந்தது. நேரங்கள்தான் வேறு வேறு. மூன்று அடுப்பில் சாதமும் குழம்பும் பொரியலும் ஏற்றுகிறவரிடம் போய், சாதத்தை இறக்கிவிட்டுக் குழம்புக்குப் புளி கரையுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

நம் மொழியே இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பையை எடுத்து, கதவைப் பூட்டி' என்று ஒரு தமிழன் பேச ஆரம்பித்தால் அத்தனையும் அந்தரத்தில் நிற்கும். இலக்கணத்தில் இதற்கு வினையெச்சம் என்று பெயர். மறுபடியும் எச்சம்! ஐந்து வினைகளைப் பாதியில் நிறுத்தி வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் பதறுவதில்லை. கடைசியில் 'போனான்' என்று ஒரு முற்று வந்தால் போதும், எல்லாம் தரையில் இறங்கிவிடும். வரவேயில்லை என்றால்தான் கேட்பவர் நம் முகத்தைப் பார்ப்பார்.

சரி, முற்று வருமா? 1920-களில் பெர்லினில் இருந்த ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர், முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்திய வேலைதான் மனதில் நன்றாகத் தங்குகிறது என்று 1927-ல் எழுதினார். உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி. பிற்பாடு பலரும் திரும்பச் செய்து பார்த்ததையெல்லாம் 2025-ல் தொகுத்துப் பார்த்தால், ஞாபகத்தில் அப்படி ஒரு வித்தியாசம் நிற்கவில்லை. நின்றது, அவ்வளவாகப் புகழ் பெறாத அவருடைய சகா மரியா ஒவ்சியான்கினாவின் கண்டுபிடிப்பு. குறுக்கிட்டு நிறுத்தப்பட்ட வேலைக்கு, யாரும் சொல்லாமலேயே மனிதர்கள் திரும்பிப் போகிறார்கள். பீரோ மேல்தட்டுக்காரர்களுக்கு இது ஆறுதல்.

நூற்பவர்களுக்கு ஆறுதல்கூடத் தேவையில்லை. 1924 டிசம்பரில் காந்தி தலைமை வகித்த பெல்காம் காங்கிரஸில் ஒரு விசித்திரமான சந்தா நிர்ணயித்தார்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் கைநூல் தர வேண்டும். உடம்பு சரியில்லை, மனசில்லை என்கிறவர்கள் வேறு யாராவது நூற்றதைத் தரலாம் என்று ஒரு சந்தும் வைத்திருந்தார்கள். அடுத்த வருஷமே நாலணா கொடுத்தாலும் போதும் என்று இறங்கி வந்துவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது கஜக் கணக்கு. நூல் எந்த இடத்தில் நின்றாலும் நூல்தான். 1,300 கஜத்தில் எழுந்து போனால் 1,300 கஜம் இருக்கிறது. பாதி நூல் என்று ஒன்று கிடையாது. பள்ளிக்கூடத்தில் தக்ளி சுற்றியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மணி அடித்ததும் அப்படியே வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள்.

கம்பளி நூலில் இன்னொரு அதிசயம் உண்டு. ராட்டையிலிருந்து அப்போதுதான் வந்த இழையைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால், முறுக்குத் தாங்காமல் தன்மேலேயே சுருண்டுகொள்ளும். அதையே மாசக்கணக்கில் சுற்றி வைத்துவிட்டு எடுத்தால் சாதுவாகத் தொங்கும். முறுக்கு போய்விட்டது என்று நினைப்போம். வெந்நீரில் நனைத்தால் மறுபடி சுருளும். முறுக்கு எங்கும் போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஸ்வெட்டர் அப்படியில்லை. ஸ்வெட்டருக்கு அளவு உண்டு. அளவு உண்டு என்றால் அந்தப் பக்கம் ஓர் ஆள் உண்டு.

சிக்கலே இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பையில் எத்தனை உருப்படி என்பதை யாரும் எண்ண வேண்டியதில்லை. அதில் எத்தனைக்குப் பெயர் இருக்கிறது என்றுதான் எண்ண வேண்டும். பொழுதுபோகாமல் ஆரம்பித்த ஷால் பத்து வருஷம் பையில் கிடக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. "உனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்றேன், கொஞ்சம் நில்லு" என்று ஒரு பையனின் தோளை அளந்துவிட்டால், அது வாக்கு. இரண்டு குளிர்காலம் கழித்து முடித்தால் ஸ்வெட்டர் இருக்கும், அந்தத் தோள் இருக்காது. ஊசியில் முதல் கண்ணி போடுகிறபோது கிடைக்கிற சந்தோஷம் இலவசமானது. அதனால்தான் நாலு ஆரம்பிக்கிறோம். விலை பின்னால் வருகிறது, சில சமயம் அதை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

மாமி தன் மச்சினர் பையனுக்காக ஆரம்பித்த நீல ஸ்வெட்டர், முதுகு முடிந்து முன்பக்கம் பாதியில் நின்றது. நடுவில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், ஊருக்கும் டெல்லிக்குமாக அலைச்சல். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் பையைத் திறந்தார். ஊசியைக் கண்ணிகளிலிருந்து உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். பின்னல் பிரிகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? மெல்லிசாக டர்ரென்று ஒரு சத்தம். ஆங்கிலத்தில் இதற்குத் தவளை என்று சங்கேதம். 'ரிப் இட், ரிப் இட்', அதாவது பிரி, பிரி. அவர்கள் ஊர்த் தவளை அப்படித்தான் கத்துமாம்.

பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் முடிச்சுப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, கீழே கொஞ்சம் கனம் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் நேராகிவிட்டது. இவ்வளவு உழைப்பு வீணா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "அவனுக்கு இனிமே பத்தாது. இதை உள்ள வெச்சுண்டிருந்தா, இன்னும் பண்ணிண்டிருக்கேன்னு எனக்கு நானே பொய் சொல்லிண்டிருக்கிற மாதிரி இருக்கு."

அன்று சாயங்காலம் பையனின் அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டார். ஸ்வெட்டர் வராது, இப்போதைய அளவை எழுதி அனுப்பு, வேறு பின்னுகிறேன் என்று. முடிப்பது, கிடப்பில் போடுவது என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு நாம் தவிக்கிறோம். பிரித்துவிட்டுச் சொல்லிவிடுவது மூன்றாவது. பிரிப்பதையே தப்பிக்கும் வழியாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் பிரிப்பார்கள், ஆனால் கார்டு போட மாட்டார்கள்.

முகம் தெரியாத ஆளுக்குப் பின்னினால்? 1962-ல் சீனப் போர் வந்தபோது இந்தியா முழுக்கப் பெண்கள் ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னினார்கள். பருத்திச் சீருடையோடு இமயமலையில் நின்றவர்களைப் பற்றிய செய்தி அப்படி உலுக்கியிருந்தது. போர் அக்டோபர் 20-ல் தொடங்கி நவம்பர் 21-ல் நின்றுவிட்டது. வீட்டு வேலைக்கு நடுவே ஒரு பெரிய ஆள் ஸ்வெட்டர் பின்ன ஒரு மாதமாவது பிடிக்கும். ஆக, ரேடியோவில் போர்நிறுத்தம் என்று கேட்ட நேரத்தில் எத்தனை வீடுகளில் ஒற்றைக் கை இல்லாத ஸ்வெட்டர் ஊசியில் இருந்திருக்கும்! 'இனி எதற்கு' என்று வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் நவம்பர் 21-க்குப் பிறகு மலையில் குளிர் கூடத்தான் செய்யும். காவலுக்கு ஆள் நின்றுகொண்டுதான் இருப்பான். பரபரப்பு முடிந்த பிறகு கடைசிக் கையைப் பின்னி முடித்தவளைப் பற்றி யோசித்துப் பார்க்கிறேன். அவளுக்கு யாரும் நன்றி சொல்லியிருக்கப்போவதில்லை.

வாக்குக் கொடுத்தவரே போய்விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இரண்டு பெண்கள் ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். ஜென் சிமோனிக், மேஸி கேப்லன் இருவரும் பின்னல் தோழிகள். இன்னொரு தோழியின் அம்மா, குரோஷா போர்வைகளை முடிக்காமல் இறந்துபோனார். அதைத் தொட்டு 2022-ல் 'லூஸ் எண்ட்ஸ்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்தவரோ, கை முடியாமல் போனவரோ பாதியில் விட்டதை ஒரு தொண்டர் வாங்கிப் போய்ப் பின்னி முடித்துக் கொடுப்பார். கூலி கிடையாது. கூடுமானவரை பக்கத்து ஊர்க்காரராகவே பார்த்து அனுப்புகிறார்கள். இப்போது பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இதில் இருக்கிறார்கள்.

வள்ளுவர் 'எச்சம்' என்ற சொல்லை இன்னோர் இடத்திலும் வைத்திருக்கிறார். ஒருவர் தகுதியானவரா இல்லையா என்பது அவருடைய எச்சத்தால் தெரியும் என்கிறார். பரிமேலழகர் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள் சொன்னார். மு.வ., ஒருவருக்குப் பின் நிற்கிற புகழும் பழியும் என்றார். ஒரு பெட்டிக்குள் ஊசியோடு கிடக்கிற பாதி ஸ்வெட்டரை மகள் எடுத்துப் பார்க்கிறபோது, எந்த எச்சம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

முடித்துக் கொடுப்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு சங்கடம் உண்டு. நூலை இழுத்துப் பிடிக்கிற இறுக்கம் கைக்குக் கை வேறுபடும், கையெழுத்து மாதிரி. அம்மா தளர்வாகப் பின்னியிருப்பார், வந்தவர் கை இறுக்கமாக இருக்கும். ஒரு நம்பர் பெரிய ஊசியில் பின்னிப் பார்க்கலாம். முடிந்த பின் நனைத்து, இழுத்து விரித்துக் காயவைத்தால் கொஞ்சம் சமன்படும். இத்தனை செய்தாலும் உற்றுப் பார்த்தால் ஒரு வரி தெரியும், ஒரு கை நின்று மற்றொரு கை தொடங்கிய இடத்தில். சுத்தமாக வர வேண்டுமென்றால் அம்மா பின்னியதைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதை எந்த மகள் கேட்பாள்? அக்குளுக்கு நாலு விரற்கடை கீழே அந்த வரி பாட்டுக்கு இருக்கட்டும். கையை வைத்துப் பார்த்தால் அவளுக்குத் தெரியும்.