கூச்சம் வேறு, ஹயா வேறு

உடலைப் பேணுவது மார்க்கத்துக்குப் புறம்பான காரியம் என்று எண்ணுவோர் நம்மில் இன்னும் சிலர் உளர். இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அதுவன்று. உடற்பயிற்சி அவசியம் என்று ஒப்புக்கொண்டவர்களே பொது உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகத் தயங்குகின்றனர். சர்க்கரை வியாதிக்காரருக்கு மருத்துவர் பயிற்சி செய்யும்படி கண்டிப்பாகச் சொல்லுகிறார். அவரோ கூடத்தின் வாசல்வரை சென்று திரும்பிவிடுகிறார். காரணம் கேட்டால், ஈமானுக்குரிய ஹயாதான் தம்மைத் தடுக்கிறது என்கிறார். இந்தப் பதில் சரிதானா என்று நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

இது அற்ப விஷயமன்று. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை உழைக்கவிட வேண்டும், அத்துடன் 2 நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வழிகாட்டியது. லாரித் தொழிலால் பேர்பெற்ற நம் நாமக்கல் வட்டாரத்தில் உட்கார்ந்தே பிழைப்பவர் அநேகர். கிராம ஊராட்சிகளிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் அமைக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2016-இல் அறிவித்தது. ஆகவே இக்கேள்வி நகரவாசிகளுக்கு மட்டும் உரியதன்று.

ஹயா என்பது யாது? அல்லாஹுத்தஆலா நம்மைப் பார்க்கின்றான் என்ற உணர்வினால் தகாததை விட்டு ஒதுங்குவது ஹயா. மனிதர்கள் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, ஆகுமான காரியத்தையும் விட்டுவிடுவது வெறும் கூச்சம். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இவ்விரண்டையும் பிரித்தறிய நாம் வசிக்கும் ஜேடர்பாளையத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ராஜா வாய்க்கால் பிரியும் காவிரிப் படுகை அணையில் விடுமுறை நாட்களில் வெளியூர்க் கூட்டம் நிரம்பி வழியும். நம் சகோதரர்களும் அங்கே குளிக்கின்றனர். தொடை தெரியும் அரைக்கால் சட்டையுடன் நூறு பேர் நடுவே நீராடுவதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. அதே சகோதரர் முழுக்கால் சட்டை அணிந்து உடற்பயிற்சிக் கூடத்தில் நிற்கக் கூசுகிறார். மறைக்க வேண்டியது திறந்திருந்தபோது வராத நாணம், மறைந்திருக்கும்போது வருவானேன்? தொந்தியைப் பார்த்து யாராவது சிரிப்பார்களோ என்ற அச்சமே காரணம். இதற்கு ஹயா என்று பெயரிடுவது தகாது.

உண்மையான ஹயா நன்மைக்குத் தடையாவதில்லை. அன்ஸாரிப் பெண்மணிகள் குளிப்புக் கடமை போன்ற அந்தரங்க மஸ்அலாக்களையும் பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டுத் தெளிந்தனர். மார்க்கத்தை அறிந்துகொள்ள நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்களைப் புகழ்ந்துள்ளார்கள். உடலுக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்க, அந்த ஹக்கை நிறைவேற்ற மட்டும் நாணம் எப்படித் தடையாகும்?

பலர் கூடி உடலைப் பேணும் இடம் நம் முன்னோருக்குப் புதிதன்று. அக்காலத்து ஹம்மாம் என்னும் பொதுக் குளியல் கூடம் அத்தகையதே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ஹம்மாமுக்குச் செல்பவரின் கடமைகளை நான்காக வகுக்கின்றார்கள். தன் அவ்ரத்தைப் பிறர் பார்வையிலிருந்து காப்பது ஒன்று. பிறர் கை அதில் படாமல் காப்பது மற்றொன்று. மூன்றாவது, பிறர் அவ்ரத்தைப் பாராமல் தன் பார்வையைத் தாழ்த்துவது. நான்காவது, மறைக்காதவரை மறைக்கச் சொல்லுவது. இவற்றில் பாதி தன்னைப் பற்றியவை, பாதி பிறரைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பொது இடத்தில் ஒருவருக்கு மனநிம்மதி கிடைப்பது அவரை மட்டும் பொறுத்ததன்று. அங்கிருக்கும் மற்றவர்களும் அதற்குப் பொறுப்பாளிகளே.

முதலில் நம் பங்கு. ஆண்களுக்கு தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது அவ்ரத். ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் சேரும். தொடை குறித்து வந்துள்ள ஹதீஸ்களை ஒப்பிட்ட இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், அனஸ் (ரலி) அறிவிப்பு ஸனதில் வலுவானது என்றும், தொடை அவ்ரத் என்னும் ஜர்ஹத் (ரலி) அறிவிப்பே பேணுதலுக்கு ஏற்றது என்றும் குறிப்பிடுகின்றார்கள். ஆகவே முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்வான கால்சட்டை போதும். மூடிய உடையில் பயிற்சி செய்ய இயலாது என்பதும் சாக்கே. அமெரிக்காவைச் சேர்ந்த குல்சூம் அப்துல்லாஹ் என்ற முஸ்லிம் பெண்மணி உடல் மறைத்து எடைதூக்க அனுமதி கோரினார். சர்வதேச எடைதூக்கும் சம்மேளனம் 2011-இல் விதியையே மாற்றியது.

அடுத்து பிறர் பங்கு. பார்வையைத் தாழ்த்துவது இச்சைப் பார்வைக்கு மட்டும் உரியதென்று நாம் நினைத்துவிடுகிறோம். ஏளனப் பார்வையும் பார்வைதான். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மரமேறியபோது அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். அந்தக் கால்கள் மறுமையின் தராசில் உஹது மலையைவிடக் கனமானவை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லிச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்று ஹுஜுராத் அத்தியாயமும் விலக்குகிறது. இன்று, மூச்சு வாங்கும் புதியவரைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புகிறவர் அச்சிரிப்பைவிடப் பெரிய பாவத்தைச் செய்கிறார். உடல் வலுவுள்ள வாலிபன் கண்ணாடியில் தன் புஜத்தை ரசிப்பதை விட்டு, தயங்கி நிற்பவருக்கு ஸலாம் கூறி ஒரு கருவியைக் கையாளக் கற்றுக்கொடுப்பானாயின் அது ஸதக்காவாகும்.

பெண்கள் விஷயத்தில் இப்பொறுப்பு இன்னும் கூடுதல். பயணம் ஒன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். ஓடாதே என்று மனைவியைத் தடுக்கவில்லை, மற்றவர்களை விலகச் செய்தார்கள். நம் ஜமாஅத்துகள் இதைப் பின்பற்றலாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மதரஸாக் கூடம் பகலில் காலியாகவே கிடக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்கென ஒதுக்கி, பயிற்சியளிக்க ஒரு பெண்மணியை நியமித்தால் போதும்.

எந்தக் கூடத்திலும் நுழையலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்ரத் திறந்திருப்பதும் அந்நிய ஆண் பெண் உரசுவதும் தவிர்க்க முடியாத இடமாயின், அங்கிருந்து திரும்புவதே ஹயா. அப்படித் திரும்பியவர் வீட்டிலேயே படுத்துவிடாமல் வாய்க்கால் கரையிலாவது வேகமாக நடக்கட்டும்.

வாசலில் நின்று தயங்குபவர் தம் உள்ளத்தை ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும்: "நான் அஞ்சுவது அல்லாஹ்வையா, அடியார்களின் சிரிப்பையா?" முன்னதாயின் திரும்பட்டும், பின்னதாயின் பிஸ்மில்லாஹ் கூறி உள்ளே நுழையட்டும். உள்ளே இருப்பவர்கள் அவருக்கு இடம் விடட்டும்.

வல்ல அல்லாஹ் நம் உடலில் ஆஃபியத்தையும் உள்ளத்தில் மெய்யான ஹயாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.